கேபிளை விட்டுப் போன திருடன்

பல் டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டைத் தவிர எல்லாம் இருந்தது. பச்சைத் துணி ஒன்றை விரித்து, இடக்கோடியிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பென் டிரைவ், ஒரு குட்டைக் கேபிள், உறை பிரிக்காத புது ஹார்ட் டிஸ்க் இரண்டு, கரண்ட் போனால் தாங்கிப் பிடிக்க ஒரு யூபிஎஸ், கடைசியில் கறுப்பாக, பெரிதாக ஒரு கம்ப்யூட்டர் கேபினெட் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். நூல் பிடித்த மாதிரி ஒழுங்கு.

"இதுல எது டாக்டர் காணாமப் போச்சு?" என்றான் சில்லறை. "எல்லாம் பந்தியில உக்காந்த மாதிரி அழகா இருக்கே!"

சில்லறை முன்னாள் பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவனை முதுகை வைத்தே சொல்லிவிடுவான். மீதிச் சில்லறையை இறங்கும்போது தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே வாங்கிய பெயர் இது என்று வேண்டாதவர்கள் சொல்வார்கள். அவனுடைய முதலாளி பெயர் மீசை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கோல்மால் கேஸ்களைத் துருவிக்கொண்டிருந்த காலத்தில் வளர்த்த மீசையை, தனியாகத் துப்பறியக் கிளம்பிய அன்றே வழித்து எறிந்துவிட்டார். பெயர் மட்டும் உதட்டை விட்டுப் போக மறுத்துவிட்டது.

"பழைய ஹார்ட் டிஸ்க் ஒண்ணு" என்றார் டாக்டர். "கீறல் விழுந்து பாக்கவே சகிக்காது. ஆனா என் வீட்டுக்காரி குரல் அதுல மட்டும்தான் இருக்கு."

தொண்டையில் ஆபரேஷன் நடந்து குரல்வளையை எடுத்துவிட்டார்களாம். அதற்கு முன்னால் மகளுக்குச் சொன்ன கதைகள், திட்டியது, சிரித்தது, அடுத்த அறையிலிருந்து டாக்டரைக் கூப்பிட்டது எல்லாம் பழைய கேமராவில் பிடித்த வீடியோக்களாக அந்த ஒரே டிஸ்கில் கிடந்தன. அதைப் பத்திரமாக வைக்கத்தான் வீட்டிலேயே ஒரு சர்வர் கட்டப் போகிறார் டாக்டர்.

"சர்வர்னா..." என்று சில்லறை ஓட்டல் ஜோக் ஒன்றுக்கு வாயெடுத்தான். டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டான்.

"நம்ம படம், வீடியோ எல்லாத்தையும் வீட்டுக்குள்ளயே வச்சுக்கிற ஒரு கம்ப்யூட்டர். வெளியூர்ல இருக்கிற பொண்ணும் திறந்து பாக்கலாம். எவனோ கம்பெனிக்காரன் மெஷின்ல இவ குரலைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனசு வரலை."

"கட்டத் தெரியுமா உங்களுக்கு?" என்றார் மீசை.

"பல்லைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது சார். எல்லாம் தம்பிதான் சொல்லித் தருது." டாக்டர் சுவரில் சாய்த்து வைத்திருந்த டேப்லெட்டைக் காட்டினார். அதில் ஒரு ஏஐ உதவியாளர் கேள்விக்காகக் காத்திருந்தது. எத்தனை டிஸ்க் வேண்டும், பெட்டியை எங்கே வைத்தால் காற்று வரும் என்று டாக்டர் வாயால் கேட்பார், அது வாயால் பதில் சொல்லும். இப்படியே பல வாரங்களாக ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. "நேத்து மத்தியானம்கூட டிஸ்க் இங்கதான் இருந்துச்சு. சாயங்காலம் கிளினிக்லேர்ந்து வந்து பாத்தேன், எல்லாம் சரியா இருக்கிற மாதிரிதான் பட்டுது. இன்னிக்குக் காலையில நகல் எடுக்கலாம்னு கையை வச்சா, இல்லை!"

"அப்போ நகல்?" என்றார் மீசை.

டாக்டர் பச்சைத் துணியின் ஓரத்தை நீவினார். "முதல்ல நகல் எடுங்க, எடுத்ததைத் திறந்து பாருங்கன்னு தம்பி பல தடவை சொல்லுச்சு. எல்லாச் சாமானும் வந்து சேரட்டும்னு இருந்துட்டேன்."

போனால் போனதுதான் என்பது சில்லறைக்குப் புரிந்தது. ஒரு பெண்ணின் குரல் மொத்தமும் எவன் சட்டைப் பையிலோ இருக்கிறது.

டாக்டர் டேப்லெட்டுக்குக் கேட்காதபடி குனிந்தார். "எனக்கு இது மேலதான் சந்தேகம். டிஸ்க்ல என்ன இருக்கு, எங்க வச்சிருக்கேன், எல்லாம் இதுகிட்டதான் சொன்னேன்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நினைத்தாலும், புது வகைக் குற்றவாளியை விசாரிக்கும் வாய்ப்பைச் சில்லறை விடுவானா? நாற்காலியை இழுத்துப் போட்டு டேப்லெட்டுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"தம்பி, நேத்து மத்தியானம் எங்க இருந்தே?"

"இந்த உரையாடலில் மட்டும்தான் இருந்தேன். அறையைப் பார்க்க எனக்கு வழியில்லை. டாக்டர் எடுத்து அனுப்பிய ஒரே ஒரு படத்தைத்தான் பார்த்தேன்."

"யார்கிட்டயாவது போட்டுக் கொடுத்தியா?"

"இல்லை. இங்கே பேசுபவரோடு மட்டும்தான் நான் பேசுகிறேன். யார் எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் ஒருவரைக் கைகாட்டினால் அது அவருக்குச் செய்யும் அநியாயம்."

சில்லறை மீசையைத் திரும்பிப் பார்த்தான். "பதில் ரொம்பச் சுத்தமா இருக்கு சார். என் அனுபவத்துல இவ்வளவு சுத்தமாப் பேசுற எவனும் டிக்கெட் எடுத்ததே இல்ல."

"அது கிடக்கட்டும். என்ன படம்?" என்றார் மீசை.

எல்லாச் சாமானும் வந்துவிட்டதா என்று கேட்பதற்காக, நேற்று மத்தியானம் டாக்டர் மேசையைப் படம் பிடித்து ஏஐக்கு அனுப்பியிருந்தார். அதே பச்சைத் துணி, அதே வரிசை. பென் டிரைவுக்கும் குட்டைக் கேபிளுக்கும் நடுவில் கீறல் விழுந்த அந்த டிஸ்க் மட்டும் கூடுதலாக உட்கார்ந்திருந்தது. மீசை படத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். இன்ஷூரன்ஸில் எரியாத கடைக்கு நஷ்டஈடு கேட்டவர்களை இப்படித்தான் பார்ப்பாராம்.

அப்போது டாக்டரின் மனைவி டீ கொண்டு வந்தார். கழுத்தில் கயிறு கட்டி ஒரு சின்ன வெள்ளைப் பலகை, அதன் ஓரத்தில் ஒரு மார்க்கர். சில்லறை ஒரு கப்பை எடுத்ததும், மிச்சமிருந்த கப்பை விரலால் ஒரு தள்ளுத் தள்ளித் தட்டை மீசையிடம் நீட்டினார்.

"டீ... ரொம்ப... நல்லா... இருக்கும்மா!" என்று சில்லறை தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தி, கட்டை விரலையும் உயர்த்திக் காட்டினான்.

அந்த அம்மா சிரித்தார். உடனே போய்விடவில்லை. ஏதோ கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தவர் போல மேசை அருகே கொஞ்ச நேரம் நின்றார். டாக்டர் மீசையிடம் பேசிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"நேத்து மத்தியானத்துக்கு மேல வந்தவங்க ரெண்டே பேர்" என்றார் டாக்டர். "யூபிஎஸ்ஸை மாத்திக் கொடுக்கக் கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்தார். கிளினிக் சாவி வாங்க நர்ஸ் வந்துச்சு. நான் உள்ள படுத்திருந்தேன். ரெண்டு பேரும் இந்த மேசையைத் தாண்டித்தான் போயிருக்கணும்."

தெருவுக்கு வந்து ஸ்கூட்டரை உதைத்ததும் மீசை பின்னாலிருந்து ஆரம்பித்தார்.

"விக்கிறதுக்குத் திருடுறவன் எதை எடுப்பான்?"

"புது டிஸ்கை."

"உள்ள இருக்கிறதைக் கேக்கிறதுக்குத் திருடுறவன்?"

"பழசை."

"எதோட?"

சில்லறை ஸ்கூட்டரை நிறுத்தியேவிட்டான். "கேபிளோட! அந்தக் குட்டைக் கேபிள் மேசையிலயே கிடக்கே சார். பூட்டைத் தூக்கிக்கிட்டுச் சாவியை விட்டுட்டுப் போயிருக்கான்!"

"அதனால எடுத்த ஆளுக்கு அது வித்தாகணும்னும் இல்ல, கேட்டாகணும்னும் இல்ல. அது அந்த மேசையில இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இன்னொண்ணு சொல்லு. பல்லைப் புடுங்கினா என்ன இருக்கும்?"

"வலி."

"பொக்கை இருக்கும்யா. அந்த மேசையில பொக்கை எங்க? நடுவுலேர்ந்து ஒரு சாமானை உருவியாச்சு, ஆனா இடைவெளியே இல்ல. படத்துல கேபினெட் துணியோட வலது ஓரத்தைத் தொட்டுக்கிட்டு நிக்குது. இப்ப நாலு விரக்கடை தள்ளி நிக்குது. எடுத்தவங்க மிச்சத்தை ஒண்ணொண்ணா இடது பக்கம் நகர்த்தி, இடத்தை மூடிட்டுப் போயிருக்காங்க. அதான் டாக்டர் கண்ணுக்கு நேத்துத் தப்பிச்சுது."

"திருட வந்த இடத்துல வீட்டை ஒழுங்குபடுத்திட்டுப் போற திருடனா? அவன் விலாசம் கிடைச்சா எங்க வீட்டுக்கு ஒரு தடவை அனுப்பணும் சார்."

கம்ப்யூட்டர் கடைக்காரர் தன் மேல் விழுந்த சந்தேகத்துக்கு வட்டியோடு பதில் வைத்திருந்தார். "நானே எல்லாம் செஞ்சு மாட்டித் தரேன்னு சொன்னேன் சார். 'வேணாம், தம்பி சொல்லித் தருது'ன்னுட்டார். எனக்குப் பல்லு வலிச்சா நானும் ஏஐகிட்ட கேட்டுக் குறடால புடுங்கிக்கலாமா? சொல்லுங்க!"

ஆத்திரம் இருக்கிறது, சந்தர்ப்பமும் இருந்திருக்கிறது. சில்லறைக்கு உள்ளங்கை அரித்தது. ஆனால் மீசை, "ஒரு சின்ன ஸ்க்ரூ கிடைக்குமா?" என்று சம்பந்தமில்லாமல் கேட்டார்.

கடைக்காரர் மேசையில் கிடந்த குவியலுக்குள் கையை விட்டார். பிரித்த கீபோர்டுகளும் ஒயர்களும் பாதி தின்ற பிஸ்கட் பொட்டலமும் கலந்த குவியல் அது. ஸ்க்ரூவை உருவியதும் மேலே இருந்ததெல்லாம் சரிந்து தரையில் கொட்டியது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் மீசை கையிலிருந்த ஸ்க்ரூவைச் சில்லறையிடம் கொடுத்தார். "இவர் இல்ல."

"கோவம் இருக்கே சார்!"

"கோவம் யாருக்குத்தான் இல்ல? ஒரு சாமானை உருவினா அந்த இடத்தைத் திரும்பிப் பாக்காத மனுஷன் இவர். நமக்கு வேண்டியது திரும்பிப் பாக்கிற கை."

அந்தக் கை கிளினிக்கில் இருந்தது.

நோயாளி ஒருவர் வாயைப் பிளந்து படுத்திருக்க, டாக்டர் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கண் பல்லில், இடது கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. டாக்டர் இடது கைக்காரர். பக்கத்தில் நின்ற இளம் நர்ஸ், தட்டிலிருந்து பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். வைத்த கையோடு, தட்டில் மிச்சமிருந்த கருவிகளை ஒரே தள்ளாக இடது பக்கம் தள்ளினாள். அடுத்து ஊசி. மறுபடி ஒரு தள்ளு. தட்டில் இடைவெளி தலைகாட்டவே இல்லை.

கதவருகே நின்ற சில்லறை மீசையின் முழங்கையைக் கிள்ளினான். "சார்! பொக்கை அடைபடுது!"

நோயாளி போனதும் நர்ஸை வரவேற்பறைக்குக் கூப்பிட்டார்கள். சில்லறை பாய்ந்தான். "டிஸ்க் எங்கம்மா?"

"எந்த டிஸ்க்?"

"தட்டுல தள்ளுற மாதிரியே டாக்டர் வீட்டு மேசையிலயும் தள்ளி வச்சிருக்கியே, அந்த டிஸ்க்!"

நர்ஸின் கண்கள் கலங்கினாலும் குரல் அசையவில்லை. "நான் சாவியை வாங்கிட்டு வாசல்லேர்ந்தே வந்துட்டேன். அம்மாவே கொண்டுவந்து கொடுத்தாங்க, கேட்டுப் பாருங்க. வேலை நடக்கும்போது டாக்டர் தட்டைப் பாக்க மாட்டார், கையை மட்டும் நீட்டுவார். அடுத்த சாமான் அவர் கைப்பக்கம் தயாரா இருக்கணும், அதனால தள்ளுறோம். இதை நான் ஒண்ணும் கண்டுபிடிக்கலை. அம்மா சொல்லிக் கொடுத்தாங்க."

"யாரு, உங்க அம்மாவா?" என்றான் சில்லறை.

"இல்லைங்க, டாக்டர் வீட்டு அம்மா. கிளினிக் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஆபரேஷன் வரைக்கும் டாக்டர் பக்கத்துல நின்னது அவங்கதான். அதுக்கப்புறம்தான் நான் வந்தேன். பலகையில எழுதிக் காட்டித்தான் எனக்கு எல்லாம் கத்துக் கொடுத்தாங்க."

சில்லறைக்குக் காலையில் குடித்த டீ ஞாபகம் வந்தது. தட்டில் மிச்சமிருந்த கப்பை அந்த அம்மாவின் விரல் ஒரு தள்ளுத் தள்ளியது. அதையும் பார்த்துக்கொண்டேதான் அவன் டீயை உறிஞ்சியிருந்தான்.

"சொந்தக் குரலை யாராவது திருடுவாங்களா சார்?" என்றான் மெதுவாக.

"அதைத்தான் கேக்கப் போறோம்" என்றார் மீசை.

டாக்டரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோது, அந்த அம்மா சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். மீசை எதிரே போய் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை, சைகை காட்டவில்லை.

"அம்மா, காலையில ஊர் உலகத்தையெல்லாம் விசாரிச்சோம். இந்த டேப்லெட்டைக்கூட விசாரிச்சோம். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலை, அது எங்க தப்பு. இப்பக் கேக்குறேன். டிஸ்கை எடுத்தது நீங்களா?"

அவர் மார்க்கரை எடுத்தார். 'ஆமாம்' என்று எழுதினார். உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். 'இப்பவாவது கேட்டீங்களே.'

"நீயா?" டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "காலையிலேர்ந்து பைத்தியம் பிடிச்ச மாதிரி அலைஞ்சேனே! ஏன்?"

அந்த அம்மா எழுதவில்லை. விரலை நீட்டி டேப்லெட்டைக் காட்டினார்.

சில்லறைக்குச் சந்தேகம் மறுபடி முளைத்தது. பார்த்தாயா, கடைசியில் இந்தத் தம்பிதான் உள்ளாள்! மீசை டேப்லெட்டை அருகே இழுத்தார்.

"காலையில யார் எடுத்தான்னு உன்னைக் கேட்டது தப்பான கேள்வி. இப்ப வேற கேக்குறேன். நீ கேட்டு டாக்டர் பதில் சொல்லாம விட்டது ஏதாவது உண்டா?"

"ஒன்று உண்டு" என்றது அது. "ஆனால் அது டாக்டர் தனியாகப் பேசியது. அவர் சம்மதித்தால் சொல்கிறேன்."

டாக்டரின் முகம் வெளிறியது. மனைவியைப் பார்த்துவிட்டு, "சொல்லு" என்றார்.

"பழைய பதிவுகளை வைத்து, மனைவியின் குரலில் புதிய வார்த்தைகளைப் பேச வைக்க முடியுமா என்று டாக்டர் கேட்டார். முடியும், ஆனால் அது அவருடைய குரல், அவரிடம் கேட்டீர்களா என்றேன். அவளுக்குத் தெரியக் கூடாது, திடீரென்று கேட்க வைத்துச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்றார். அவரிடம் கேட்கும்வரை அதைத் தள்ளி வைப்போம் என்றேன். அடுத்து யூபிஎஸ் பற்றிப் பேசினோம்."

சாப்பாட்டு மேசைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் கதவுகூட இல்லை என்பதைச் சில்லறை அப்போதுதான் கவனித்தான். டாக்டர் வாய்விட்டுக் கேட்டதும், தம்பி வாய்விட்டுச் சொன்னதும், ஒரு சொல் சிந்தாமல் அடுப்படிக்குப் போயிருக்கும்.

அந்த அம்மா எழுதிப் பலகையைத் திருப்பினார். 'போனது குரல்தான். காது இருக்கு.'

காலையில் தொண்டை கிழியக் கத்தி டீயைப் பாராட்டியது நினைவுக்கு வர, சில்லறைக்குக் காது மடல் சுட்டது. அப்போது உயர்த்திய கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

"ஒரு தடவை நீ என்னைக் கூப்பிட்டுக் கேக்கணும்னு இருந்துச்சு" என்றார் டாக்டர். "சாப்பிட வாங்கன்னு, இல்லேன்னா திட்டியாவது. இன்னிக்குப் பேசுற மாதிரி. வீடு ரொம்ப அமைதியா இருக்கு. வேற ஒண்ணும் இல்லை." கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை.

அவர் மனைவியின் கண்களும் நிறைந்தன. இந்த முறை நிதானமாக, சின்ன எழுத்தில் எழுதினார். 'நான் கூப்பிட்டது, திட்டினது எல்லாம் அதில் இருக்கு. தினமும் கேளுங்க. நான் சொல்லாததை என் குரல் சொல்ல வேண்டாம்.'

"இதை அன்னிக்கே எழுதிக் காட்டியிருக்கலாமே."

'நீங்க கேப்பீங்கன்னு காத்திருந்தேன்.'

டாக்டர் உட்கார்ந்து, அந்தப் பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதை அழிக்கவில்லை.

"டிஸ்க் பத்திரமா இருக்கா அம்மா?" என்றார் மீசை.

அந்த அம்மா எழுந்தார். பச்சைத் துணியின் கோடியில் நின்ற கறுப்பு கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டின் திருகாணிகளைக் கையாலேயே திருகி, தகட்டைக் கழற்றினார். உள்ளே, மெத்தென்ற துண்டில் சுற்றி, குழந்தையைப் படுக்கவைத்தது போல இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க்.

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதையால்ல இருக்கு!" என்றான் சில்லறை. "டாக்டர் இதைத் திறந்திருந்தா?"

டாக்டரின் மடியிலிருந்த பலகையை எட்டி எடுத்து, அந்த அம்மா ஓரத்தில் கிடைத்த இடத்தில் எழுதினார். 'திறக்க மாட்டார். இன்னும் தயாராகிட்டே இருக்கார்.' டாக்டர்கூட ஈரக் கண்ணோடு சிரித்துவிட்டார்.

மீசை எழுந்துகொண்டார். சில்லறை அவர் காதோரம் போய், "காலையில சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் சார். இந்தக் கேஸ்ல ஒழுங்கா டிக்கெட் எடுத்த ஒரே ஆளு அந்தத் தம்பிதான்" என்றான். "நாம?" என்றார் மீசை. "நாம ஃபுட்போர்டு சார்."

வாசல் வரை போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் மேசையில் லேப்டாப்பைத் திறந்து, பழைய டிஸ்கைப் பக்கத்தில் வைத்து, கண்ணைத் திரையில் பதித்தபடி வழக்கம் போல இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

கையில் எதுவும் வரவில்லை.

டாக்டர் திரும்பினார். மனைவி குட்டைக் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தபடி நின்றிருந்தார்.

"முதல்ல நகல் மட்டும் எடுக்கட்டுமா?" என்று கேட்டார் டாக்டர்.

அந்த அம்மா தலையசைத்தார். கேபிளை அவர் கையில் வைத்தார். பச்சைத் துணியில் கேபிள் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. இந்த முறை அதை அவர் மூடவில்லை.